செடிகளைச் சுற்றிச் சுவர் எழுப்பும் முன் காற்றுக்கு வழி விடுங்கள்

கேள்வி: அறையின் ஒரு மூலையில், 60 செ.மீ.க்கு 60 செ.மீ. இடத்தில், 100 வாட் எல்.இ.டி. பேனலின் கீழ் தக்காளி, மிளகாய், லெட்டூஸ் நாற்றுகளை வளர்க்கிறேன். பேனல் 45 செ.மீ. உயரத்தில் தொங்குகிறது. நடுவில் உள்ள நாற்றுகள் நன்றாக இருக்கின்றன. ஓரத்தில் உள்ளவை நெடுநெடுவென்று வளர்ந்து சாய்கின்றன. சுற்றிலும் மூடினால் வெளிச்சம் வீணாகாது என்கிறார்கள். ஆனால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடித்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது. மூடலாமா? மூடினால் எப்படி?

பதில்:

மூடலாம். உங்கள் இடத்தில் நானாக இருந்தால் இந்த வாரமே மூடுவேன். ஆனால் உங்கள் அச்சத்தை ஒதுக்கித் தள்ள மாட்டேன். வெளிச்சத்தை உள்ளே நிறுத்துகிற சுவர்தான் வெப்பத்தையும் ஈரத்தையும் உள்ளே நிறுத்தும். பலரும் முதலில் சுவரைக் கட்டிவிட்டு, உள்ளே புழுக்கம் கண்ட பிறகு எங்கே ஓட்டை போடலாம் என்று தேடுகிறார்கள். காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும் என்பதை முதலில் காகிதத்தில் வரைந்துகொள்ளுங்கள். அதன் பிறகு சுவரைப் பற்றி யோசியுங்கள்.

உங்கள் ஓரத்து நாற்றுகள் ஏன் சாய்கின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன். லென்ஸ் இல்லாத தட்டையான எல்.இ.டி. பேனல் நேர் கீழே அதிகமாகவும், பக்கவாட்டில் சாயச் சாயக் குறைவாகவும் ஒளியை வீசும். இந்தப் பரவலைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லாம்பெர்ட் என்ற அறிவியலாளர் கணக்கில் பிடித்து வைத்தார். விளக்கை ஒரு சிறு புள்ளியாகக் கொண்டு அந்தக் கணக்கைப் போட்டால், 45 செ.மீ. உயரத்திலிருந்து வரும் ஒளியில் ஏறத்தாழ 36 சதவீதம்தான் உங்கள் சதுரத்துக்குள் நேராக விழுகிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு அறையின் தரைக்கும் சுவருக்கும் போகிறது. விழுகிற ஒளியும் சமமாக விழுவதில்லை. நடுவில் 100 என்றால் ஓரத்தின் மையத்தில் 48, மூலையில் 28.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது விளக்கைத் தாழ்த்துவது. 45 செ.மீ.யை 30 ஆக்கினால் சதுரத்துக்குள் விழும் பங்கு 55 சதவீதமாக உயரும் என்பது உண்மைதான். ஆனால் கூடிய ஒளி பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே குவிகிறது. நடுப்புள்ளியில் ஒளி 2.25 மடங்கு ஆகிறது. மூலையிலோ முன்பு 28 இருந்த இடத்தில் இப்போது 25. விளக்கைக் கீழே கொண்டுவந்தும் மூலைச் செடிக்கு ஒரு துளி கூடவில்லை, சற்றுக் குறைந்தே விட்டது. உண்மையான பேனல் அகலமானது. ஆகையால் வேறுபாடு இவ்வளவு கடுமையாக இராது. திசை மட்டும் இதுதான். திறந்த இடத்தில் நீங்கள் எந்த உயரம் வைத்தாலும் ஒன்றைப் பிடிக்க ஒன்றை விட வேண்டியிருக்கும்.

சுவர் வந்ததும் இந்த இக்கட்டு தீர்கிறது. பக்கத்தில் சிதறும் ஒளி திரும்பி வருவதால், விளக்கைத் தாழ்த்த வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. மாறாக உயர்த்தலாம். உயர்த்தினால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு சுருங்குகிறது. மூடுவதன் பெரிய பலன் இதுதான் என்பது என் கருத்து. மொத்த ஒளி கூடுவது இரண்டாவது. தட்டு முழுவதும் ஒரே சீராக வளர்வது முதலாவது.

இப்போது உங்களுக்கு எவ்வளவு ஒளி தேவை என்று பார்ப்போம். செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களை எண்ணும் அலகு மோல்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோமோல். நாற்றுகளுக்கும் லெட்டூஸுக்கும் சதுர மீட்டருக்கு நொடிக்கு 250 மைக்ரோமோல் அளவில், 16 மணி நேரம் கிடைத்தால் நாளுக்கு 14.4 மோல் ஆகிறது. லெட்டூஸுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 12 முதல் 17 என்ற வரம்புக்குள் அது அடங்குகிறது. (தக்காளி காய்க்கும் கட்டத்தில் 20 முதல் 30 வரை கேட்கும், அது வேறு கதை, வேறு இடம்.) உங்கள் பேனல் சுமாரான தரம், ஒரு ஜூலுக்கு (ஒரு வாட் ஒரு நொடியில் செலவிடும் ஆற்றல்) 2 மைக்ரோமோல் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 100 வாட்டுக்கு நொடிக்கு 200 மைக்ரோமோல். உங்கள் சதுரத்தின் பரப்பு 0.36 ச.மீ. அதற்குத் தேவை 90 மட்டுமே. வெள்ளைச் சுவர் போட்டபின் விளக்கின் ஒளியில் 70 சதவீதம் இலைப்பரப்பை அடைகிறது என்று கொண்டால், பேனலை 65 வாட்டுக்குக் குறைத்தே அந்த அளவை எட்டிவிடலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். 100 வாட் 65 வாட் ஆகிறது என்பது மின்கட்டணத்தோடு முடிகிற விஷயமில்லை. விளக்கு உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. இலையில் விழுந்த ஒளியும் அப்படியே; ஒளிச்சேர்க்கையில் சேமிக்கப்படுவது மிகச் சிறு பங்கு. ஆக, மூடுவதால் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் குறைகிறது. மூடினால் சூடாகிவிடும் என்ற உங்கள் அச்சத்துக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. மூடிய பிறகும் பேனலை முழு வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்குத்தான் கூடாரம், அதாவது செடிகளைச் சுற்றி மூடிய அந்த இடம், அடுப்பாகிறது.

சுவருக்கு எந்தப் பொருள்? இதில் வீண் செலவு நிறைய நடக்கிறது. மங்கலான தட்டை வெள்ளை பெயின்ட் 80 முதல் 90 சதவீதம் வரை ஒளியைத் திருப்பும். நல்ல மைலார் தாள் (கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் தாள்) 90க்கு மேல் போகும். காகிதத்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். நடைமுறையில் ஒளிக்கதிர் பெரும்பாலும் ஒன்றிரண்டு முறை சுவரில் பட்டதும் இலையைச் சேர்ந்துவிடுகிறது. இருமுறை பட்டபின் 90 சதவீதச் சுவரில் மிஞ்சுவது 81, 80 சதவீதச் சுவரில் 64. சாம்பல் நிறச் சுவர் பாதியைத்தான் திருப்பும் என்றால் மிஞ்சுவது 25. ஆகவே கறுப்பு, சாம்பல், மரநிறம் ஆகியவற்றிலிருந்து வெள்ளைக்கு மாறுவதுதான் பெரிய தாவல். வெள்ளையிலிருந்து மைலாருக்குப் போவது சிறிய படி. அந்த மைலாரும் சுருங்கி, தூசி படிந்து, நீர்த்துளி காய்ந்த தடத்தோடு தொங்கினால் அந்தச் சிறு படியும் இல்லை. நான் வெள்ளைப் பலகையையோ, ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் கறுப்புமான பாலித்தீன் தாளையோதான் பரிந்துரைப்பேன். ஈரத்துணியால் துடைத்தால் போதும், ஒளியையும் மென்மையாகச் சிதறடிக்கும்.

சமையலறை அலுமினியத் தாளை ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது ஒளியை நன்றாகவே திருப்பும். ஆனால் சுருக்கங்களால் ஒளி திட்டுத் திட்டாக விழும். அதைவிட முக்கியம், அது மின்சாரத்தைக் கடத்தும். வயர்களும் ஈரமும் உள்ள இடத்தில் எனக்கு அது வேண்டாம்.

சுவரைச் செடிகளுக்கு நெருக்கமாக வையுங்கள். தட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்தால் அவ்வளவு ஒளியும் தரைக்குப் போகிறது. தரையை மறந்துவிடாதீர்கள். நாற்றுகள் சிறியதாக இருக்கும்போது தட்டின் கரிய மண்தான் பெரும்பரப்பு. தட்டுகளுக்கு இடையில் வெள்ளை அட்டை விரித்தால் கீழ் இலைகளுக்கும் கொஞ்சம் ஒளி மேலேறும்.

ஒரு எச்சரிக்கை. வளைந்து கொடுக்கும் மலிவான பி.வி.சி. தாள்களில் மென்மைக்காகச் சேர்க்கப்படும் டைபியூட்டைல் தாலேட், டைஐசோபியூட்டைல் தாலேட் போன்ற பொருள்கள் வெப்பத்தில் ஆவியாகி இளந்தளிர்களை வெளிறச் செய்யும். மூடிய சிறு இடத்தில் இது இன்னும் மோசம். புதிய கூடாரத்திலோ தாளிலோ கடும் பிளாஸ்டிக் வாடை வீசினால், சில நாள்கள் காற்றாட விரித்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வாடை போகவே இல்லையென்றால் அந்தத் தாளே வேண்டாம்.

இனி காற்று. நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைப் பற்றித்தான்.

வெப்பத்தை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. வாட்டை மூன்றால் பெருக்கி, எத்தனை டிகிரி உயர்வைப் பொறுத்துக்கொள்வீர்களோ அதனால் வகுத்தால், மணிக்கு எத்தனை கன மீட்டர் என்பது வரும். காற்றின் அடர்த்தியும் வெப்பக் கொள்ளளவும் சேர்ந்துதான் அந்த மூன்று கிடைக்கிறது. 65 வாட், அறையைவிட 3 டிகிரி அதிகம் என்றால் மணிக்கு 65 கன மீட்டர். 100 வாட்டிலேயே ஓட்டினால் 100. 'கூடாரத்தின் காற்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும்' என்று பரவலாகச் சொல்லப்படும் விதியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 60க்கு 60 தளமும் 160 செ.மீ. உயரமும் கொண்ட கூடாரத்தின் கொள்ளளவு 0.58 கன மீட்டர். அந்த விதிப்படி மணிக்கு 35 போதும். விளக்கின் வாட்டைப் பார்க்காத விதி அது. 100 வாட் உள்ளே எரியும்போது 35 கன மீட்டரை மட்டும் நம்பினால் வெப்பம் 8 டிகிரிக்கு மேல் ஏறக் கணக்கு இடம் தருகிறது.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கணக்கு மேல் எல்லை. மெல்லிய துணிச் சுவர் வழியாகவும் கணிசமான வெப்பம் வெளியே போகும். இலைகள் நீராவி விடும்போதும் கொஞ்சம் தணியும். ஆகவே துணிக் கூடாரத்தில் உண்மை உயர்வு இதைவிடக் குறைவாகவே இருக்கும். தெர்மாகோலிலோ தடித்த பலகையிலோ கட்டினால் அந்தச் சலுகை கிடைக்காது. அதிலும் தெர்மாகோல் எளிதில் தீப்பற்றும்; விளக்குக்கு அருகில் அதை வைக்கவே வேண்டாம்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மேலே, காற்று நுழையும் வழி கீழே, அதுவும் எதிர் மூலையில். வெப்பக் காற்று தானாகவே மேலே ஏறும். அதன் போக்கிலேயே இழுத்தால் சிறு ஃபேன் போதும். நுழைவழியின் பரப்பு வெளியேறும் குழாயைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும். 100 மி.மீ. குழாயின் பரப்பு 79 ச.செ.மீ.; நுழைவழிக்கு 160 முதல் 240 வரை வையுங்கள். கூடாரத்தின் சுவர்கள் இலேசாக உள்ளே குழிந்தால் சரி. நன்றாக ஒட்டிப்போனால் ஃபேன் மூச்சுக்குத் திணறுகிறது என்று பொருள்.

ஃபேன் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. குழாய், வளைவு, வடிகட்டி ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும். கணினியில் இருக்கும் 120 மி.மீ. ஃபேன் திறந்தவெளியில் நன்றாகத் தள்ளும். ஒரு வடிகட்டியை முன்னால் வைத்தால் சோர்ந்துவிடும். தேவையைவிட ஒரு படி பெரிய ஃபேனை வாங்கிக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், மின்செலவு ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும், சத்தமும் அடங்கும். படுக்கையறையில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கடைசிப் பலன் பெரிது. குழாயைத் தொய்யாமல் நீட்டிப் பிடித்துக் கட்டுங்கள், வளைவுகளைக் குறையுங்கள்.

ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிக்கொண்டிருப்பதால் இலைகளுக்குக் காற்று கிடைக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மணிக்கு 65 கன மீட்டர், 0.36 ச.மீ. தளத்தில் பரவி மேலேறும்போது அதன் வேகம் நொடிக்கு 5 செ.மீ. மட்டுமே. இலையின் மேல் ஒட்டியிருக்கும் ஈரமான, அசையாத காற்றுப் படலத்தைக் கலைக்க நொடிக்கு 30 முதல் 50 செ.மீ. வேண்டும். ஆகவே உள்ளே காற்றைச் சுழற்ற ஒரு சிறு ஃபேன் தனியாக வேண்டும். அது ஒரே செடியின்மேல் வீசக் கூடாது. சுவரை நோக்கியோ, இலைப்பரப்புக்குச் சற்று மேலாகவோ திருப்பி, எல்லா இலைகளும் மெல்ல அசையும்படி வையுங்கள். லெட்டூஸின் உள்ளிலை நுனிகள் கருகுவது பெரும்பாலும் இந்தக் குறையால்தான். காற்று படாத இளம் இலை நீராவி விடுவதில்லை. நீரோடு வர வேண்டிய கால்சியமும் அங்கே வந்து சேர்வதில்லை. உரத்தைக் கூட்டுவதற்கு முன் ஃபேனைத் திருப்பிப் பாருங்கள். இன்னொரு நன்மையும் உண்டு: அசைந்து வளரும் தண்டு குட்டையாகவும் தடித்தும் உறுதிப்படும். தொடுதலாலும் அசைவாலும் செடியின் வளர்ச்சி மாறும் இந்தப் பண்புக்கு 1973இல் தாவரவியலாளர் மார்க் ஜாஃபி ஒரு பெயரே சூட்டினார். நெடுநெடுவென்று வளரும் உங்கள் நாற்றுகளுக்கு இது வேண்டிய மருந்து.

அடுத்தது ஈரம். நாளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் செடிகள் நீராவியாக விடுகின்றன என்று கொள்வோம்; 16 மணி நேரத்தில் மணிக்கு 62 கிராம். அறை 25 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதத்தில் இருந்து, உள்ளே 70க்கு மேல் போகக் கூடாது என்றால், மணிக்கு 14 கன மீட்டர் காற்றே அந்த ஈரத்தைச் சுமந்து செல்லும். வெப்பத்துக்காக நீங்கள் ஏற்கெனவே ஏற்பாடு செய்த காற்று இதைவிடப் பல மடங்கு. விளக்கு எரியும் வரை பூஞ்சையைப் பற்றிக் கவலைப்பட அதிகம் இல்லை.

ஆபத்து விளக்கு அணைந்த பிறகுதான் வருகிறது. 25 டிகிரியில் 60 சதவீதமாக இருந்த அதே காற்று, 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 81 சதவீதம். 18 டிகிரி ஆனால் 92. ஒரு துளி நீர் கூடாமலேயே இது நடக்கிறது. நாற்றழுகலும் சாம்பல் பூஞ்சையும் இந்த மணி நேரங்களுக்காகத்தான் காத்திருக்கின்றன. பலர் எக்ஸாஸ்ட் ஃபேனை விளக்கின் டைமரிலேயே இணைத்துவிடுகிறார்கள். விளக்கு அணையும்போது ஃபேனும் நின்றுவிடும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு ஃபேன்களும் இரவிலும் குறைந்த வேகத்தில் ஓடட்டும். தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் ஊற்றுங்கள், அணையும் நேரத்தில் வேண்டாம்.

எந்த ஃபேனும் கூடாரத்தை அறையைவிட நல்ல இடமாக்காது. உள்ளே வருவது அறையின் காற்றுதான். அறையே 75 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. அறையின் ஈரத்தைக் குறைக்க வேண்டும். கூடாரத்தின் வெப்பக் காற்றை அதே சிறிய, பூட்டிய அறைக்குள் விட்டாலும் சில மணி நேரத்தில் அறை சூடாகி, அந்தச் சூடே திரும்பி உள்ளே வரும். குழாயைச் சன்னலுக்கோ அடுத்த பெரிய இடத்துக்கோ கொண்டுபோங்கள், அல்லது அறைக் கதவைத் திறந்து வையுங்கள். கார்பன் டை ஆக்ஸைடுக்கும் இதே வழிதான். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. இறுக மூடிய பெட்டியில் விளக்கு எரிந்தால் செடிகள் அதை வேகமாகக் குறைத்துவிட்டுப் பட்டினி கிடக்கும்.

மூடிய கண்ணாடிப் பெட்டியில் பெரணிகள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். 1829 வாக்கில் லண்டன் மருத்துவர் நதானியல் வார்ட் மூடிய புட்டிக்குள் ஒரு பெரணி தானாக முளைத்ததைக் கவனித்தார். அவர் பெயர் தாங்கிய பெட்டிகளில் செடிகள் கடல் கடந்து போயின. அவை மிதமான ஒளியில், மெல்ல வளர்ந்து, ஈரத்தைச் சேமித்து உயிர்பிழைக்க வேண்டிய செடிகள். நீங்கள் 16 மணி நேரம் வலுவான ஒளி கொடுத்து வேகமாக வளரச் சொல்கிறீர்கள். அந்த வேகத்துக்கு ஓடும் காற்று வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்களுக்கு முழுக் கூடாரம் தேவையா? தேவையில்லை என்றே நினைக்கிறேன். இருள் நேரம் துல்லியமாக இருந்தால்தான் பூக்கும் செவ்வந்தி போன்றவற்றை வளர்ப்பவர்களுக்கு ஒளிக் கசிவில்லாத கூடாரம் அவசியம். அவர்களுக்கு நுழைவழியில்கூட உட்புறம் கறுப்படித்த இரட்டை வளைவு வைக்க வேண்டியிருக்கும். நாற்றுகளுக்கும் லெட்டூஸுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று பக்கம் வெள்ளைப் பலகை, முன்பக்கம் சுருட்டி ஏற்றக்கூடிய வெள்ளைத் திரை, கீழே தட்டின் மட்டத்துக்குத் தாழ 10 செ.மீ. இடைவெளி, மேற்பக்கம் திறப்பு. விளக்கின் வெப்பமே புகைபோக்கிபோல் காற்றைக் கீழிருந்து மேலே இழுக்கும். 65 வாட்டுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமலே இது சமாளித்துவிட வாய்ப்பு அதிகம். உள்ளே சுழலும் சிறு ஃபேன் மட்டும் கட்டாயம். பேனலின் டிரைவரை (விளக்குக்கு ஏற்ற மின்சாரமாக மாற்றித் தரும் பெட்டியை) பிரித்து வைக்க முடிந்தால் வெளியே வையுங்கள், அந்த அளவு வெப்பம் உள்ளே வராது. மின்சாரப் பலகை தரையில் கிடக்கக் கூடாது. வயர்கள் இணைப்புக்கு முன் ஒருமுறை தாழத் தொங்கி ஏறட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இதை ஓட்டாதீர்கள்.

கட்டியதும் செடிகளை உடனே உள்ளே வைக்க வேண்டாம். ஒரு நாள் முழுவதும் காலியாக ஓட்டுங்கள். விளக்கின் நேரொளி படாமல், இலைகள் இருக்கப்போகும் உயரத்தில் ஒரு வெப்ப, ஈரப்பத மானியைத் தொங்கவிடுங்கள்; அறையில் இன்னொன்று. மூலைகளில் மெல்லிய காகிதக் கீற்றுகளைக் கட்டினால் எங்கே காற்று போகவில்லை என்று கண்ணுக்கே தெரியும். ஒளியை அளக்கக் கைப்பேசியின் லக்ஸ் செயலி போதும்: வெள்ளை எல்.இ.டி.க்கு லக்ஸ் எண்ணை 70ஆல் வகுத்தால் மைக்ரோமோல் கணக்கு ஏறத்தாழ வரும். 250க்கு 17,500 லக்ஸ். செயலியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் நடுவுக்கும் மூலைக்கும் உள்ள விகிதத்தை நம்பலாம். மூலையின் ஒளி, நடுவில் உள்ள ஒளியின் முக்கால் பங்கை எட்டும் வரை விளக்கை உயர்த்திக்கொண்டே போங்கள். அதன் பிறகு வாட்டைச் சரிசெய்யுங்கள்.

ஏற்கெனவே நெடுத்துச் சாய்ந்த நாற்றுகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தக்காளியை வீசிவிடாதீர்கள். அடுத்த தொட்டிக்கு மாற்றும்போது முதல் இலைக்குச் சற்றுக் கீழ் வரை தண்டைப் புதையுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் வரும். மிளகாய் அவ்வளவு தாராளமாக வேர் விடாது. கொஞ்சம் ஆழமாக நட்டு, குச்சி கொடுத்து நிறுத்துங்கள், காற்று பட்டால் தண்டு தடிக்கும். லெட்டூஸை மட்டும் மறுபடி விதையுங்கள். சில நாள்களில் முளைத்துவிடும். புதிய சுவர்களுக்குள் முளைத்தவை எப்படி நிற்கின்றன என்பதை ஓரத்துத் தட்டிலேயே பார்க்கலாம்.